அரசின்மைவாதமும் அன்றாட வாழ்வும்: ஸ்பெயினின் தொழிலாளர் பண்பாடு (1868 - 1939)

'அராஜகம்' என்னும் சொல் தமிழிலே நற்பொருள் உடையதன்று. மன்னனை உலகுக்கு உயிரெனக் கண்ட ஓர் இலக்கிய மரபின் வாரிசுகளாகிய நமக்கு, அரசு இல்லாத நிலை என்பது ஒழுங்கு இல்லாத நிலையாகவே தோன்றுகின்றது. கடைகள் சூறையாடப்படும்போதும் வீதியிலே சட்டம் செயலற்றுப் போகும்போதும் பத்திரிகைகள் இச்சொல்லையே எடுத்தாளுகின்றன. ஆயின், ஐரோப்பிய அரசியற் சிந்தனை வரலாற்றிலே இதற்குப் பிறிதொரு பொருளும் உண்டு. 1840ஆம் ஆண்டிலே பிரெஞ்சுச் சிந்தனையாளராகிய புரூதோன் இப்பெயரைத் தமக்குரியதாகத் துணிந்து ஏற்றுக்கொண்ட காலந்தொட்டு, மேலிருந்து ஆணையிடும் அதிகாரம் இன்றியே மனிதர் தாமாகக் கூடித் தமது காரியங்களை ஒழுங்குசெய்துகொள்ள முடியும் என்னும் கொள்கையை அது குறித்துவந்துள்ளது. மயக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டு அக்கொள்கையை இக்கட்டுரையில் அரசின்மைவாதம் என வழங்குவோம்.

இக்கொள்கை தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையுடன் தொடர்புகொண்டிருந்தவரும் சென்னையிலே பிறந்தவருமாகிய எம். பி. ரி. ஆச்சாரியா (1887 - 1954), ஐரோப்பாவில் வாழ்ந்த காலத்தில் அரசின்மைவாதியாகி, 1922ஆம் ஆண்டின் இறுதியிலே பேர்லினில் உருவான அனைத்துலகத் தொழிலாளர் சங்கத்தின் வட்டாரத்திலே இயங்கினார். அச்சங்கத்தின் மிகப் பெரிய தூணாக விளங்கியது ஸ்பெயின் தேசத்துத் தொழிலாளர் இயக்கமாகும். வேறெந்த நாட்டிலும் இலட்சக்கணக்கான மக்களின் இயக்கமாக நீண்டகாலம் நிலைபெறாத அரசின்மைவாதம், ஸ்பெயினிலே எழுபது ஆண்டுகள் வேரூன்றி நின்றது ஏன் என்பது வரலாற்றாசிரியர் பலரை ஈர்த்த வினாவாகும். அவ்வினாவுக்குரிய விடையைப் பெருந்தலைவர்களின் பிரகடனங்களிலன்றி, சாதாரண மக்களின் அன்றாட வாழ்விலே தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரஸ்பர உதவி: இயல்பா, பயிற்சியா?

அரசின்மைவாதத்தின் அறிவியல் அடிப்படையை வகுக்க முயன்றவர் ருஷ்யப் பிரபு குலத்தவரும் புவியியலாளருமாகிய பீற்றர் குரோப்பொற்கின் ஆவார். டார்வினின் கொள்கைக்கு விளக்கம் கூறப் புகுந்த ஹக்ஸ்லி, உயிர்வாழ்வு என்பது இடையறாத போராட்டமே என்னும் கருத்துப்பட 1888இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு மறுமொழியாக 1890 முதல் 1896 வரை குரோப்பொற்கின் எழுதிய கட்டுரைகள் 1902இல் 'பரஸ்பர உதவி' என்னும் பொருள்படும் தலைப்பிலே நூலாயின. சைபீரியாவின் கடுங்குளிரிலே தாம் கண்ட விலங்குகள், ஒரே இனத்துள் ஒன்றோடொன்று பொருதுவதிலும் பார்க்கக் கூடி வாழ்வதாலேயே பிழைத்தன என அவர் வாதிட்டார். விலங்குகளில் தொடங்கி, மத்தியகால நகரங்களின் தொழிற்குழுக்கள், கிராமப் பொதுநிலங்கள், தம்காலத்துத் தொழிற்சங்கங்கள், உயிர்காக்கும் படகுச் சங்கங்கள் வரை சான்றுகளை அடுக்கினார். போட்டி இல்லை என்பது அவர் வாதமன்று. பரிணாமத்திற்குப் போட்டியைப் போன்றே ஒத்துழைப்பும் ஒரு காரணி என்பதே அவர் வாதம்.

இந்நூல் ஹக்ஸ்லிக்குத் தக்க விடையாகும். ஆயினும் வரலாற்று மாணவனுக்கு இதிலே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒருவர்க்கொருவர் உதவுதல் மனித இயல்பெனின், அது எங்கும் எக்காலத்தும் ஒரே அளவில் வெளிப்படவேண்டும். ஆனால் ஓர் ஊரிலே அது தழைக்கின்றது; அடுத்த ஊரிலே வாடுகின்றது. ஸ்பெயினின் வரலாறு இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் தருகின்றது. இயல்பு விதையாக இருக்கலாம். அதனைப் பயிராக்குவது பயிற்சியே. அப்பயிற்சிக்கு இடமும் காலமும் ஆசிரியரும் வேண்டியிருந்தன.

விதை விழுந்த விதம்

1868 செப்ரெம்பரிலே இராணி இரண்டாம் இசபெல்லாவின் ஆட்சி கவிழ்ந்தது. சில வாரங்களின் பின்னர் இத்தாலியராகிய ஜியுசெப்பே ஃபனெல்லி, மிக்கேல் பக்கூனினின் தூதுவராக அங்கு சென்றார். அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மட்றிட் நகரிலே அவர் சந்தித்த தொழிலாளருள் அவர் பேசிய மொழியைப் புரிந்துகொண்டோர் மிகச் சிலரே. எனினும் அவருடைய குரலும் முகபாவமும் பொருளை உணர்த்தின என்று, அச்சபையிலிருந்த அச்சுத் தொழிலாளியாகிய அன்செல்மோ லொறென்சோ பிற்காலத்திலே தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். 1870 ஜூன் மாதத்திலே பார்சிலோனாவில் முதலாவது தொழிலாளர் மாநாடு கூடியது.

இக்கதை சுவையானது, அடிக்கடி மீட்டுரைக்கப்படுவது. ஆனால் ஒரு தூதுவரின் பேச்சினால் மட்டும் ஒரு மக்கள் இயக்கம் உருவாவதில்லை. கற்றலோனியாவின் நெசவாலைத் தொழிலாளர் நோய்க்கும் மரணச் செலவுக்குமாக உதவிச் சங்கங்களை முன்பே அமைத்திருந்தனர். பெருநிலச் சொந்தக்காரரின் ஆதிக்கத்திலிருந்த அண்டலூசியாவிலே, வேலையற்ற மாதங்களில் அயலாரின் உதவியாலேயே கூலி விவசாயிகள் பசியாறினர். புதிய கொள்கை அவர்களுக்குப் புதிய பழக்கத்தைக் கற்பிக்கவில்லை. இருந்த பழக்கத்துக்கு ஒரு பெயரையும் ஓர் எதிர்காலத்தையும் கொடுத்தது. 1874இலே தடைசெய்யப்பட்டும், 1881இலே மீண்டும் வெளிப்பட்டும், இயக்கம் அடங்கியும் எழுந்தும் வந்தமைக்கு இதுவே காரணமெனலாம். சங்கத்தை மூடிவிடலாம், அயலவரின் அடுப்பை மூடிவிட முடியாது.

பாடசாலையும் படிப்பகமும்

1900ஆம் ஆண்டளவில் ஸ்பானிய மக்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் எழுத்தறிவற்றவர். கல்வி பெரும்பாலும் திருச்சபையின் செல்வாக்கிலே இருந்தது. இந்நிலையில் பிரான்சிஸ்கோ ஃபெறர் 1901இலே பார்சிலோனாவில் 'நவீன பாடசாலை'யைத் தொடங்கினார். தொடக்கத்திலே சேர்ந்த 30 பிள்ளைகளுள் 12 பேர் சிறுமியர். ஆணும் பெண்ணும், செல்வரும் வறியவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். பரீட்சையும் பரிசும் தண்டனையும் அங்கு இல்லை. ஒருவனை ஒருவன் முந்தவேண்டும் என்னும் எண்ணத்தைப் பிள்ளை மனத்திலே விதைத்துவிட்டு, வளர்ந்தபின் ஒத்துழைக்குமாறு அவனை வேண்டுவது பயனற்றது என்பதே இதன் உட்கருத்தாகும். 1906இலே அரசனின் திருமண ஊர்வலத்தின்மீது குண்டு வீசியவர் இப்பாடசாலையின் வெளியீட்டுப் பணியோடு தொடர்புடையவராக இருந்தமையால் அது மூடப்பட்டது. 1909 ஜூலையில் மொறொக்கோ யுத்தத்துக்கு ஆட்களை அழைத்ததை எதிர்த்துப் பார்சிலோனாவிலே எழுந்த கிளர்ச்சிக்கு ஃபெறரே காரணர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, அவ்வாண்டு ஒக்ரோபர் 13ஆந் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

பாடசாலையிலும் பார்க்கப் பரந்த செல்வாக்குடையவை 'அதெனியோ' எனப்பட்ட தொழிலாளர் மன்றங்களாகும். நமது ஊர்களின் வாசிகசாலையையும் சனசமூக நிலையத்தையும் ஒருசேர நினைத்துக்கொண்டால் அவற்றின் தன்மையை ஓரளவு உணரலாம். பகலெல்லாம் ஆலையில் உழைத்தவர்கள் இரவிலே அங்கு எழுத்துக் கற்றனர், நாடகம் பயின்றனர். இப்சனின் நாடகங்கள் அவர்களால் பெரிதும் விரும்பப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆணும் பெண்ணுமாக மலைப்புறங்களுக்கு நடைப்பயணம் சென்றனர். எஸ்பெராந்தோ மொழியும் மரக்கறி உணவும் மதுவிலக்கும் அங்கு விவாதிக்கப்பட்டன. கிராமப்புறங்களில் எழுத்தறிந்த ஒருவர் வேலை ஓய்விலே பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். இவ்வழக்கத்தைத் தம் கண்ணால் கண்டு 1929இல் விரிவாக எழுதியவர் கொர்தொபா மாகாணத்தைச் சேர்ந்த நொத்தாரிசாகிய டியாஸ் டெல் மொறால். அவர் இவ்வியக்கத்தைச் சார்ந்தவர் அல்லர் என்பதால் அவர் சாட்சியம் பெறுமதி மிக்கது.

பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்குப் புனிதர்களின் பெயர்களைத் தவிர்த்து, சுதந்திரம் எனப் பொருள்படும் லிபெர்த்தாத், ஆட்சியின்மை எனப் பொருள்படும் அக்ராசியா, முளைவிடும் மாதத்தைக் குறிக்கும் ஜெர்மினால் போன்ற பெயர்களை இட்டனர். திருச்சபையின் சடங்கின்றி இணைந்து வாழ்ந்தனர். சடங்கின்றியே இறந்தோரை அடக்கஞ்செய்தனர். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு மாற்றுப் பண்பாடு இவ்வாறு உருவாயிற்று.

வேலைநிறுத்தமும் வீதியும்

1910இலே பார்சிலோனாவில் தேசியத் தொழிற் கூட்டமைப்பு, சுருக்கமாகச் சி.என்.ரி., நிறுவப்பட்டது. 1919ஆம் ஆண்டின் மட்றிட் மாநாட்டிலே ஏறத்தாழ 7 இலட்சம் தொழிலாளரின் பெயரால் பேராளர்கள் கூடினர். இத்துணைப் பெரிய அமைப்பிலே சம்பளம் பெறும் அலுவலர் மிகச் சிலரே. வேலைநிறுத்த நிதி திரட்டி வைப்பதையும் இயக்கத்தவர் பொதுவாக விரும்பவில்லை. நிதி பெருகினால் அதனைக் காக்கும் அதிகாரிகளும் பெருகுவர் என அஞ்சினர். அவ்வாறாயின் வேலைநிறுத்தக் காலத்திலே குடும்பங்கள் எவ்வாறு உண்டன? அயலவர் ஊட்டினர் என்பதே விடை.

1919 பெப்ரவரியில், 'கனேடியக் கம்பனி' என மக்கள் அழைத்த மின்சார நிறுவனத்திலே அலுவலகத் தொழிலாளர் சிலர் நீக்கப்பட்டமையால் தொடங்கிய வேலைநிறுத்தம் 44 நாட்கள் நீடித்தது. பார்சிலோனா இருளில் மூழ்கியது. தொழிலாளருக்குப் பாதகமான அறிவித்தல்களை அச்சிட அச்சுத் தொழிலாளர் மறுத்தனர். ஏப்ரில் மாதத்திலே எட்டு மணிநேர வேலைநாளை அரசாங்கம் சட்டமாக்கியது. 1931 கோடையிலே அந்நகரில் வீட்டு வாடகையை 40 வீதம் குறைக்குமாறு கோரி வாடகை மறுப்புப் போராட்டம் எழுந்தபோது, வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் தளபாடங்களை அயலார் மீண்டும் வீட்டினுள் கொண்டுபோய் வைத்தனர். இதில் முன்னின்றோர் பெண்கள். 1934இல் சரகோசா நகரத்தின் பொது வேலைநிறுத்தம் ஐந்து வாரங்களளவு நீடித்தவேளை, அங்குள்ள தொழிலாளரின் பிள்ளைகளைப் பார்சிலோனாவின் தொழிலாளர் குடும்பங்கள் வரவழைத்துத் தம் வீடுகளிலே வைத்துப் பராமரித்தன. தாம் முன்பின் கண்டிராத குடும்பத்திடம் பிள்ளையை ஒப்படைக்கும் நம்பிக்கை ஒரு நாளிலே தோன்றுவதன்று.

காசாஸ் வியேஹாஸ்: ஒரு வரலாற்று விவாதம்

இந்நம்பிக்கையை எவ்வாறு விளக்குவது என்பதிலே வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எரிக் ஹொப்ஸ்பாம் 1959இல் வெளியிட்ட 'ஆதிக் கலகக்காரர்' என்னும் பொருள்படும் நூலில், அண்டலூசிய அரசின்மைவாதத்தை ஒரு வகைச் சமய எதிர்பார்ப்பாக நோக்கினார். பொற்காலம் ஒன்று நாளையே வந்துவிடும் என நம்பிய கிராமத்தவர் திடீரெனக் கிளர்ந்தெழுந்து திடீரென அடங்கினர் என்பது அவருடைய விளக்கம். அதற்கு அவர் காட்டிய முதன்மைச் சான்று, 1933 ஜனவரியிலே காடிஸ் மாகாணத்துக் காசாஸ் வியேஹாஸ் கிராமத்தில் நிகழ்ந்த எழுச்சியாகும். அரசாங்கப் படையினர் ஒரு குடிசையைத் தீயிட்டும், கைதுசெய்தோரைச் சுட்டும் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். அக்குடிசையின் உரிமையாளராகிய முதியவர் 'செய்ஸ்தேதோஸ்' என்பாரே எழுச்சியின் தலைவர் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது.

மானிடவியலாளராகிய ஜெரோம் மின்ற்ஸ் அக்கிராமத்திலே தங்கி, எஞ்சியிருந்தோரிடம் பல ஆண்டுகளாகக் கேட்டறிந்தவற்றை 1982இல் நூலாக வெளியிட்டார். செய்ஸ்தேதோஸ் தலைவர் அல்லர் என்பதும், கிராமத்தவர் தாமாகப் பொற்காலத்தைக் கனவுகண்டு எழவில்லை, நாடளாவிய எழுச்சிக்கு இயக்கம் விடுத்த அழைப்பை ஏற்றே எழுந்தனர் என்பதும் அவர் ஆய்வினால் வெளிப்பட்டன. அங்கு ஒரு சங்கம் இருந்தது, விவாதம் இருந்தது, கருத்து வேறுபாடும் இருந்தது.

இவ்விவாதம் தனியொரு கிராமத்தைப் பற்றியதன்று. வறியோர் கூட்டாகச் செயற்படும்போது அதனை நம்பிக்கையின் வெறி எனக் கொள்வதா, பயின்ற அறிவு எனக் கொள்வதா என்பதே இதிலுள்ள அடிப்படைப் பிரச்சினையாகும். ஹொப்ஸ்பாமின் பொருளாதார நோக்கு நமக்கு இன்றும் பயன்படுவதே. ஆயின் இவ்விடத்து அவர் அரசாங்கமும் பத்திரிகைகளும் விட்டுச்சென்ற சான்றுகளையே பெரிதும் நம்பினார். அவ்வாவணங்களிலே எழுச்சி நாள் மட்டுமே பதிவாகும். அதற்கு முந்திய ஆயிரம் மாலைப்பொழுதுகள் பதிவாவதில்லை.

1936: பயிற்சியின் பலன்

1936 ஜூலை 19ஆந் திகதி பார்சிலோனாவிலே இராணுவக் கலகம் முறியடிக்கப்பட்டபோது அம்மாலைப்பொழுதுகளின் பயன் தெரிந்தது. முதலாளிகள் பலர் ஓடிவிட்டனர். ட்ராம் வண்டிச் சேவையிலே பணியாற்றிய ஏறத்தாழ 7000 பேர் தாமே அதனைப் பொறுப்பேற்று, மோதல் ஓய்ந்து ஐந்து நாட்களுக்குள் வண்டிகளை ஓடவிட்டனர். வெதுப்பகங்கள், சினிமா மாளிகைகள், முடிதிருத்தும் நிலையங்கள் என்பனவும் தொழிலாளர் கையிலே வந்தன. இவற்றை நடத்தும் அறிவு வானத்திலிருந்து விழவில்லை. கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும், பேராளரைத் தெரியவும் திருப்பி அழைக்கவும் அவர்கள் சங்கத்திலும் மன்றத்திலும் பயின்றிருந்தனர்.

அவ்வாண்டு டிசெம்பரிலே அந்நகருக்கு வந்த ஜோர்ஜ் ஓர்வெல், தாம் கண்டவற்றை 1938இல் வெளியான 'கற்றலோனியாவுக்கு வணக்கம்' என்னும் பொருள்படும் நூலிலே பதிவுசெய்தார். உணவகப் பணியாளர் வந்தோரை நிமிர்ந்து நோக்கினர் என்றும், மரியாதைப் பன்மை மறைந்து யாவரும் ஒருவரையொருவர் ஒருமையிலேயே விளித்தனர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகளில் ஆளை அளந்து பேசும் நமக்கு இம்மாற்றத்தின் ஆழம் எளிதிற் புலனாகும். 1937 ஏப்ரிலிலே போர்முனையிலிருந்து மீண்ட அவர், பழைய விளிகளும் திரும்பிவிட்டதைக் கண்டார். அடுத்த மாதமே குடியரசுத் தரப்பினுள் வீதிச் சண்டை மூண்டு, இயக்கத்தின் வீழ்ச்சி தொடங்கியது. அதிகாரம் எவர் கையிலுள்ளது என்பதை அரசாங்க வர்த்தமானிக்கு முன்னரே பேச்சுமொழி காட்டிவிட்டது.

எல்லைகள்

இவ்வரலாற்றை இலட்சியக் கதையாக்குவது நேர்மையன்று. 1893இலே பார்சிலோனாவின் இசையரங்கில் வீசப்பட்ட குண்டு இருபது பேரளவில் கொன்றது. 1936இலே குடியரசுப் பகுதியிலே ஏறத்தாழ 7000 குருமாரும் துறவியரும் கொல்லப்பட்டனர். அக்கொலைகளிலே அரசின்மைவாதிகளுக்கும் பெரும் பங்குண்டு. பரஸ்பர உதவியின் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோருக்கு இரக்கமும் மறுக்கப்பட்டது.

கிராமங்களிலும் நிலைமை ஒருபடித்தாக இருக்கவில்லை. அரகொன் பிரதேசத்திலே நூற்றுக்கணக்கான கூட்டுப்பண்ணைகள் உருவாயின. சங்கம் முன்பே வேரூன்றியிருந்த ஊர்களிலே அவை விருப்பத்தோடு அமைந்தன. ஆயுதந்தாங்கிய படையணிகள் வந்தபின் அமைந்த ஊர்களிலே அச்சமும் கலந்திருந்தது. ரொனால்ட் ஃபிரேசர் 1979இல் வெளியிட்ட வாய்மொழி வரலாற்றிலே இவ்விரு குரல்களும் கேட்கின்றன. அரசின்மையைத் துப்பாக்கியின் துணையோடு ஒரே வாரத்தில் நிறுவ முயன்றமை, கொள்கைக்கே முரணானது. 1936 நவம்பரிலே சி.என்.ரி. தலைவர்கள் நால்வர் அமைச்சர்களாகிய நிகழ்ச்சியிலும் பார்க்க இது ஆழமான முரண் என்பது எமது கருத்து.

மற்றோர் எல்லை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பல கூட்டுப்பண்ணைகளில் பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே நிர்ணயிக்கப்பட்டது. மன்றத்திலே சமத்துவம் பேசியவர் வீட்டிலே எசமானராயிருந்தார். இதனைத் தொலைபேசி நிலைய ஊழியரும் கவிஞருமாகிய லூசியா சான்செஸ் சோர்னில் 1935இலேயே இயக்கப் பத்திரிகையில் எடுத்துரைத்தார். 1936இல் அவரும் தோழியரும் தொடங்கிய 'சுதந்திரப் பெண்கள்' அமைப்பிலே ஏறத்தாழ 20,000 பெண்கள் சேர்ந்தனர். எழுத்தறிவும் தொழிற்பயிற்சியும் குழந்தை பராமரிப்பும் அதன் பணிகளாயின. ஆயினும் தம்மை இயக்கத்தின் சமமான கிளையாக ஏற்குமாறு அவர்கள் 1938இல் விடுத்த வேண்டுகோள் நிறைவேறவில்லை. சமத்துவம் பயிலப்படாத இடத்தில் அது வாய்க்கவுமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முடிவாக

1937 ஓகஸ்ரிலே அரகொன் பிரதேச அவை கலைக்கப்பட்டது. 1939 ஜனவரி 26ஆந் திகதி பார்சிலோனா ஃபிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் பிரான்சின் எல்லையைக் கடந்தனர். 1975இலே ஃபிராங்கோ இறந்த பின்னர் மன்றங்கள் சில மீண்டும் தோன்றினவாயினும் பழைய இயக்கம் மீளவில்லை. 2009இல் பார்சிலோனாவிலே அடமானக் கடனால் பாதிக்கப்பட்டோர் ஒன்றுகூடி, பின்னர் வெளியேற்றப்படும் வீடுகளின் வாயிலை மறித்து நின்றனர். இவர்கள் 1931ஆம் ஆண்டினரின் நேர்வாரிசுகள் எனக் கூறுவதற்கில்லை. அதே தேவை அதே செயலைத் தோற்றுவித்தது என்று மட்டும் கூறலாம்.

குரோப்பொற்கின் பரஸ்பர உதவியை இயற்கையின் விதியெனக் கண்டார். ஹொப்ஸ்பாம் அதன் அண்டலூசிய வடிவத்தை நம்பிக்கையெனக் கண்டார். ஸ்பானிய மக்களின் அனுபவம் அதனை ஒரு பழக்கமாகக் காட்டுகின்றது. பழக்கம் என்பது கற்கப்படுவது. ஆகவே மறக்கப்படவும் கூடியது. பயின்ற இடத்தில் அது ட்ராம் வண்டியை ஓட்டியது. பயிலாத இடத்தில் துப்பாக்கியை நாடியது. பயில மறுத்த வீட்டுக்குள் அது நுழையவேயில்லை. அதனை ஆராயப் புகும் மாணவர் அமைச்சரவைக் குறிப்புகளோடு மன்றங்களின் நூற்பட்டியல்களையும், வாடகைச் சீட்டுகளையும், பிறப்புப் பதிவேடுகளையும் புரட்டவேண்டியவராவர்.

பிறப்புப் பதிவேடுகளைப் பொறுத்தவரை, ஃபிராங்கோவின் அரசாங்கம் நம்மை முந்திக்கொண்டது. 1939இலே அது பிறப்பித்த ஆணைப்படி, லிபெர்த்தாத், ஜெர்மினால் போன்ற பெயர்கள் பதிவேடுகளிலிருந்து நீக்கப்பட்டு, அப்பிள்ளைகளுக்குப் புனிதர்களின் பெயர்கள் இடப்பட்டன. போர்க்களத்தில் வென்றபின்னும் குழந்தைகளின் பெயர்களோடு பொருதவேண்டிய தேவை அவ்வரசுக்கு இருந்தது.